சங்கிலியைத் தாழக் கட்டு

மகன் மணிக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுமதியும் முழு உடம்போடு இருக்கிறீர்களா என்று கேட்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழு உடம்போடு என்பதை யோசித்துத்தான் எழுதினேன், சிரிக்காதே. இதுவரை நான் எழுதியதெல்லாம் கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதியது. என் மனதில் இருப்பதை யாரும் சொல்லித் தராமல் நானே எடுத்துத் தாளில் வைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். நான் சொன்னது அங்கேயே இருக்கிறது, ஓடிப் போகவில்லை. டிராக்டர் என்ற சொல்லை அடித்தல் இல்லாமல் எழுதி முடித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்த ஓட்டை வண்டிய வாங்கினப்ப உங்க மகனும் இப்படித்தான் பல்ல காட்டிக்கிட்டு நின்னான்" என்றாள். உனக்குத் தமிழ் எழுத்தைவிட மலையாள எழுத்துதான் பழக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சுமதி படிக்கட்டும். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், தடங்கலில்லாமல் படிப்பாள். நீ பக்கத்தில் நின்று கேள். வீட்டுக்குள் வேண்டாம், அந்த வண்டிக்குப் பின்னால் நின்று கேள்.

நீ அனுப்பிய வீடியோவில் இருந்துதான் எனக்கு இந்தப் பயம் பிடித்தது. கோடவுன் வேலையை விட்டுவிட்டு மாமனாரின் நிலத்துக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோதுகூட நான் பயப்படவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நல்ல மண், தரிசாகக் கிடக்கிறது, இரண்டு பேரும் உழைப்பீர்கள் என்று அம்மாவிடம் நான்தான் பரிந்து பேசினேன். பழைய பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டி டிராக்டரை நீ வாங்கியபோதும், பழைய இரும்புக் கடையில் அதற்கு ஒரு ஏர் கிடைத்தது என்று சொன்னபோதும் எனக்குச் சந்தோஷம்தான். பிறகு வீடியோ வந்தது. முதல் தடவை உன் முகத்தை மட்டும் பார்த்தேன். இரண்டாவது தடவை மண் புரள்வதைப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் ஏர் வண்டியோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

நான் பார்த்தது சரியா என்று நீயே வண்டிக்குப் பின்னால் குனிந்து சரிபார்த்துக்கொள். வண்டியின் பின்பக்கம் ஒரு தகடு, அதில் ஒரு துளை. வருஷக் கணக்காகப் புல் வண்டியை இழுத்து இழுத்து அந்தத் துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. ஏரின் முன்னால் இரண்டு இரும்புக் காதுகள், தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இவை மூன்றையும் சேர்த்துப் பிடிக்க நீ கோத்திருப்பது ஒரு மெல்லிய போல்ட். துளை பெரிது, போல்ட் சிறிது, அதனால் ஏர் தலையாட்டிக்கொண்டே வருகிறது. உனக்கே அதில் நம்பிக்கை இல்லை, அதனால்தான் ஏரின் கழுத்திலிருந்து ஒரு சங்கிலியை இழுத்து உன் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியில் விறைப்பாகக் கட்டியிருக்கிறாய். போதாததற்கு, ஏர் ஆழமாகப் போகவில்லை என்று சுமதியை அதன் மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறாய். அவள் ஒரு கையால் சேலையைச் செருகிக்கொண்டு மறு கையால் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

உடனே உனக்கு போன் செய்தேன், நினைவிருக்கும். "அப்பா, இது நீங்க வேல பாத்த ஐலண்டு இல்ல. இது என்ன சரக்கு டிரெய்லரா? நாலு முழத்து ஏரு" என்றாய். நான் இரும்புப் பின், துளை, சங்கிலி என்று ஏதேதோ சொன்னேன். வாய் குழறியது. பயம் வந்தால் எனக்கு முன்னால் சொல்ல வேண்டியது பின்னாலும் பின்னால் சொல்ல வேண்டியது முன்னாலும் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ சரிப்பா, சரிப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எந்தச் சரி கேட்டுச் சொல்வது, எந்தச் சரி போனை வைப்பதற்குச் சொல்வது என்று ஒரு தகப்பனுக்குத் தெரியாதா. கடைசியில், "நீங்கதான் இப்ப எழுதப் படிச்சிட்டீங்களே, எல்லாத்தையும் லெட்டரா எழுதி அனுப்புங்க. அது வந்து படிச்ச பிறகுதான் இனிமே வண்டிய எடுப்பேன், போதுமா" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ஹனீஃபாவைத் தேடிப் போனேன். வெலிங்டன் தீவில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் இருந்தோம் என்று சுமதிக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்காக எழுதுகிறேன். அவன் டிராக்டர் ஓட்டுவான், நான் பின்னால் நின்று டிரெய்லரைக் கோப்பேன், கழற்றுவேன். கப்பலிலிருந்து கோடவுனுக்கும் கோடவுனிலிருந்து கப்பலுக்குமாக நாள் முழுக்க அதுதான் எங்கள் வேலை. ஏரைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இரும்பை இரும்போடு சேர்ப்பது மட்டும் கொஞ்சம் தெரியும். வழக்கமான சாயாக் கடையில்தான் இருந்தான். வீடியோவைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தான்.

"எடா, அந்தச் சங்கிலி எதுக்கு சீட்டுக்கு அடியில போகுது?" என்று கேட்டான்.

"போல்ட் போனா ஏரு கழண்டு போகக் கூடாதுல்ல. ஒரு பாதுகாப்புக்குக் கட்டியிருக்கான்" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"பாதுகாப்பா? யாருக்கு, ஏருக்கா?"

அவன் எழுந்து தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நடுக்கடைக்கு இழுத்துப் போட்டான். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை ஸ்டூலின் மேல் விளிம்பில் கட்டிவிட்டு, மறு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றான். கடைக்காரர் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு, "ஹனீஃபிக்கா, அந்த ஸ்டூலு நாலு காலோட வந்தது, நாலு காலோடயே இருக்கணும் கேட்டோ" என்றார். "சேட்டன் சாயாவ அடிங்க, நான் டிராக்டர் ஓட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஹனீஃபா என்னிடம் திரும்பினான். "நான் இப்ப ஏரு. ஒரு வேர்ல மாட்டிக்கிட்டேன், அசைய மாட்டேன். நீ கீழ குந்தி ஸ்டூலுக் கால முன்னால தள்ளு. நீதான் சக்கரம்."

குந்தி உட்கார்ந்து காலைப் பிடித்துத் தள்ளினேன். மெதுவாகத்தான் தள்ளினேன், மணி. ஸ்டூலின் முன்பக்கம் எழும்பியது, அப்படியே பின்னால் மல்லாந்து ஹனீஃபாவின் முழங்காலில் மோதியது. "கண்டியா" என்றான். "இதுல உன் மகன் உக்காந்திருக்கான். பின்னால நான் நிக்கற எடத்துல உன் மருமக நிக்கறா." பிறகு துண்டை அவிழ்த்து ஸ்டூலின் அடிச்சட்டத்தில், தரைக்குப் பக்கத்தில் கட்டினான். மறுபடி தள்ளினேன். துண்டு விறைத்தது. ஸ்டூல் நின்ற இடத்திலேயே நின்றது, எழும்பவில்லை. "சக்கரம் சும்மா சுத்தும், மண்ணு பறக்கும், அவ்வளவுதான். எறங்கி வேர வெட்டிட்டுப் போகலாம்" என்றான்.

வண்டி அப்படி மல்லாக்க விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கிளட்ச்ச கால் தேடுதுல்ல, அதுக்குள்ள" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் நீ ஏன் உயரத்தில் கட்டினாய் என்று எனக்குப் புரிந்தது. பஜார் ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று எதிரே வந்தது. முன்னால் இழுப்பவன் கயிற்றைப் பாரத்தின் மேல்கட்டையில் கட்டி, தோளுக்கு நேராகப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தான். நீ முதன்முதலாகக் கைவண்டிக்கு வந்த நாளில் கயிற்றை அச்சுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு முக்கிக்கொண்டிருந்தாய். நான் போய் அவிழ்த்து மேலே கட்டிக் கொடுத்தேன். "உயரத்துல கட்டுடா, பாரம் எறங்கும்" என்றேன். இங்கே கைவண்டி இழுக்கிற எல்லாருக்கும் அது தெரியும், மனுஷன் இழுப்பது தோளால், அதனால் கயிறு தோளுக்கு நேராக இருக்க வேண்டும். டிராக்டருக்குத் தோள் இல்லை. அது காலால்தான் இழுக்கிறது, சக்கரம் மண்ணைத் தொடுகிற இடத்திலிருந்து. நீ சங்கிலியை எடுத்தபோது உன் கை தானாக உயரத்துக்குப் போயிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு அந்தக் கை வந்திருக்காது. மட்டாஞ்சேரிக் கைவண்டிக்காரன் மகனுக்குத்தான் வரும். இதை நினைத்ததும் என் கால் நின்றுவிட்டது. அந்த வண்டிக்காரன், "மாமா, வழிய விடுங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ஆபத்து பெரிய சத்தத்தோடு வரும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். தீவில் ஒரு தடவை எங்களுக்கு முன்னால் போன வண்டியில், டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பின்னுக்கு அடியில் போடும் கிளிப் தொலைந்துபோய், அதற்குப் பதிலாக யாரோ ஒரு ஆணியை வளைத்து மாட்டியிருந்தார்கள். ஆணி எப்போது முறிந்தது என்று யாருக்கும் தெரியாது. குண்டும் குழியுமான ரோடு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த இரும்புப் பின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது. டிரெய்லர் கழன்றபோது நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. டிராக்டர் ஒரு பக்கம் போனது, டிரெய்லர் இன்னொரு பக்கம் போனது, இரண்டும் தெரிந்தவர்கள் பிரிந்து போவதைப் போலப் போயின. பக்கத்தில் நடந்து வந்தவனின் கால் மேல் ஏறித்தான் அது நின்றது. அவன் பிழைத்தான். அந்தக் கால் பிழைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது பின்னுக்குப் பதில் போல்ட், கிளிப்புக்குப் பதில் கம்பி என்று சொன்னால் குனிந்து அடியில் பார்க்காமல் நான் விடுவதில்லை. உன் வீடியோவில் அந்த போல்ட்டின் அடியில் நட்டு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மண்தான் தெரிகிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுமதி, இந்த இடத்தை மெதுவாகப் படி அம்மா. வண்டியையும் ஏரையும் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோ, மணி. ஏரைக் கோத்து இழுத்துக்கொண்டு போகாதே, வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோ. தேய்ந்த துளையை வட்டமாகக் கடைந்து, உள்ளே ஒரு இரும்பு புஷ், கெட்டியான குழாய்த் துண்டு, வைத்துப் பற்ற வைக்கச் சொல். தகட்டிலோ அது வண்டியோடு சேரும் இடத்திலோ விரிசல் இருந்தால் புஷ் பேச்சே வேண்டாம், தகட்டையே மாற்று. புஷ்ஷுக்குள் ஆட்டமில்லாமல் இறங்குகிற கெட்டியான பின் வாங்கு, ஏரின் காதுகளிலும் அதே அளவுக்குத் துளை இருக்க வேண்டும். பின்னின் தலை மேலே இருக்க வேண்டும், மேலிருந்து கீழே இறக்க வேண்டும், அடியில் கிளிப் போட வேண்டும். பின்னுக்குத் தலை மேலே இருந்தால் கிளிப் போனாலும் அதன் எடையே அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். கீழிருந்து குத்தினால் ஒரு நொடி தாங்காது. கழன்று போகாமல் இருக்கச் சங்கிலி வேண்டுமென்றால் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தாழக் கட்டு, அந்தத் தகட்டைத் தாங்குகிற சட்டத்திலேயே கட்டு, வண்டி திரும்புவதற்கு வேண்டிய தொய்வு விட்டுக் கட்டு. சீட்டுக்கடியில் இருப்பதை இந்த வரியைக் கேட்டவுடனே கழற்றிவிடு. கழற்றிவிட்டு வா, சுமதி காத்திருப்பாள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

கோக்கும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும். சாவி உன் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும். வண்டிக்கும் ஏருக்கும் நடுவில் நிற்காதே, பக்கவாட்டில் நில். துளைகள் நேராக வந்துவிட்டனவா என்று விரலை விட்டுப் பார்க்காதே. ஹனீஃபா ஒரு விரல் இல்லாத கையால் சாயா கிளாஸை எப்படிப் பிடிப்பான் என்று நீ பார்த்திருக்கிறாய், அந்த விரல் போனது அப்படித்தான். ஓட்டும்போது முதல் கியரிலேயே போ, ஏரை ஆழமாக இறக்காமல் மேலாக வை, கால் கிளட்ச்சின் பக்கத்திலேயே இருக்கட்டும். முன்பக்கம் இலேசாக எழும்புவதுபோல் தெரிந்தால் யோசிக்காதே, மிதித்துவிடு. கொஞ்ச தூரம் போனதும் இறங்கிப் போய்ப் பின்னையும் கிளிப்பையும் பார், அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் பார். கிழக்கு ஓரத்தில் வெட்டிப் போட்ட பனைகளின் அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கிறது என்று உன் மாமனார் கல்யாணத்தின்போதே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை இந்த வருஷம் விட்டுவிடு. அங்கே மண்வெட்டியால் கொத்தி மரவள்ளி வை, கப்பைக் கிழங்கு நன்றாக வரும்.

சுமதி, இது உனக்கு. இனிமேல் அந்த ஏரின் மேல் ஏறாதே. அவன் கெஞ்சினாலும் ஏறாதே, விளையாட்டுக்குக்கூட ஏறாதே. அங்கே உழுத வயலைச் சமப்படுத்தப் பரம்பு அடிக்கும்போது மாட்டுக்குப் பின்னால் பலகையில் ஆள் ஏறி நிற்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, உனக்கு இது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. மாடு முட்டுப்பட்டால் நின்றுவிடும். இது நிற்காது. ஏர் ஆழமாகப் போகவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும், முனை மழுங்கியிருக்கலாம், சாய்வு சரியில்லாமல் இருக்கலாம். எனக்கு அது தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும், அங்கே உழுகிறவர்களுக்குத் தெரியும், அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உன் உடம்பின் எடை அதற்கு மருந்து இல்லை. அவன் உழும்போது நீ வரப்பில் நில், வண்டிக்கு நேர் பின்னால் நிற்காதே. நீ சிரித்துக்கொண்டே அந்த ஏரின் மேல் நின்றதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே. உன் மாமியாரிடம் சங்கிலியைப் பற்றி மட்டும் சொன்னேன், அந்த வீடியோவை இன்னும் காட்டவில்லை. என்னிடம் இருக்கிற பயம் ஒரு வீட்டுக்குப் போதும்.

இவ்வளவும் எழுத எனக்கு நிறைய நாள் ஆயிற்று. ஒரு நாளைக்குச் சில வரிதான் வருகிறது. எழுத்து வர நேரமாகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று உன் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "இன்னும் முடியலையா அது?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு."

"நேத்தும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு. அந்தச் சங்கிலிய எங்க கட்டணும்னு சொல்ல ராமாயணமா எழுதணும்?"

"எனக்கு கை வேகமா வராது, உனக்குத் தெரியாதா?"

"கை நல்லாத்தான் வருது. மனசுதான் வரல" என்றாள். "லெட்டர் வந்தாத்தான் வண்டிய எடுப்பேன்னு அவன் சொல்லியிருக்கான். நீங்க எழுதி முடிக்காத வரைக்கும் அவன் எடுக்க மாட்டான். அதான கணக்கு? வெளிய பாருங்க, மழை எறங்கியாச்சு. அங்க ரெண்டு பேரும் மானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வெதைக்கிற நாளு போச்சுன்னா அந்த நெலத்த வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போறீங்களா?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தாளை எடுத்து உட்காரும்போதெல்லாம் மனதில் ஒரு நிம்மதி இருந்தது. எழுதக் கற்றுக்கொண்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும்தான். ஆனால் பேனா நகர்கிற வரைக்கும் அந்த வண்டி நகராது என்பது அதைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்திருக்கிறது. கைவண்டியிலும் தீவிலும் என் கையால் எத்தனையோ பாரத்தை நகர்த்தியிருக்கிறேன். ஒரு பேனாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு டிராக்டரை நிறுத்தி வைக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட இன்னும் வரவில்லையே என்று நீ கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மழை இப்போது பலமாகப் பெய்கிறது. தாள் நனையாமல் இருக்க ஜன்னலைச் சாத்திவிட்டேன். தபாலாபீஸ் மூடுவதற்குள் இதைக் கொடுத்துவிடுவேன். சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இன்னும் நீட்டினால் உன் அம்மா தாளைப் பிடுங்கிவிடுவாள். பயம் குறைந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன், குறையவில்லை. உழு. சங்கிலியைத் தாழக் கட்டிவிட்டு உழு. உழுது முடித்ததும் எனக்கு போன் செய். வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு செய்யாதே. இன்ஜினை நிறுத்து, இறங்கு, வரப்புக்கு வந்து செய். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் நான் பேச மாட்டேன், வைத்துவிடுவேன். நீ பேசி முடித்த பிறகு போனைச் சுமதியிடம் கொடு. அவள் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவரைக்கும் நான் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா